முயல் ஏறிய படகு

தம்பி ஃபோனை நீட்டியபோது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். வெளியே ஆரியசாலை முழுக்க மழை. கீழே மொத்தக்கடைகளில் மூட்டைகள் மேல் தார்ப்பாய் இழுக்கும் அவசரம், வண்டிக்காரர்களின் வசவு. நனைந்த வற்றல் மிளகாயின் நெடி மாடிப்படி ஏறி எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. தும்மினேன். தும்மி முடித்துத் திரையைப் பார்த்தேன்.

அந்த முயல்.

ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கி, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே வந்தவர்களின் முகத்தோடு. எங்கள் சின்ன வயதில் அது இல்லாத இடமில்லை. பென்சில் டப்பாவில் இருந்தது, குளியல் துண்டில் இருந்தது, பள்ளிக்கூட வேனின் பின்கண்ணாடியில் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கார்ட்டூனில் வந்ததை யாரோ டிவி கேமுக்குள்ளும் இறக்கிவிட்டார்கள். அங்கே அது ஓடும், தாவும், மேகத்தின் மேல் நிற்கும், கேரட் பொறுக்கும், முள்ளில் விழுந்தால் தலையைச் சுற்றி நட்சத்திரம் பறக்கச் செத்துப்போகும். செத்த மறுகணமே ஒன்றும் நடக்காததுபோல் தொடக்கத்தில் வந்து நிற்கும்.

யாரோ, எந்த ஊரோ, முழு ஆட்டத்தையும் ஆடி இணையத்தில் போட்டிருந்தார். தம்பி விரலால் தள்ளிக் கடைசிக்குக் கொண்டுபோனான். இருட்டுக் குகை முடிந்தது. முயல் ஒரு கதவைத் திறந்தது. திரை கறுத்தது. ஆங்கிலத்தில் வாழ்த்து சொல்லி ஒரு வரி. மறுபடி ஆரம்பப் படம்.

"படகு எங்கே?" என்றான் தம்பி.

"எந்தப் படகு?"

"முயல் ஏறிப் போற படகு. கை காட்டிக்கிட்டே போகுமே, கடைசியில. நீயும் பார்த்தல்லோ அக்கா?"

"பின்னே? பார்த்தேனே," என்றேன்.

வாயிலிருந்து அது தானாக விழுந்தது. கீரைக்காம்பைக் குப்பையில் போடுவதுபோல, யோசனை இல்லாமல். அவன் "அப்போ சரி" என்று போய்விட்டான். நான் கீரையை அலசினேன், மறுபடி அலசினேன். தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது. தலைக்குள் மட்டும் ஏதோ கலங்கத் தொடங்கியது. பார்த்தேனா? எங்கே நின்று பார்த்தேன்?

இது சின்ன விஷயம்தான். நாற்பதைத் தாண்டிய ஒருவனும் ஐம்பதைத் தொடப்போகிற ஒருத்தியும் ஒரு கார்ட்டூன் முயலின் பயண ஏற்பாட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பது வேறு வீட்டில் சிரிப்பாக இருந்திருக்கும். எங்கள் வீட்டிலும் அம்மா சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் தம்பிக்கு அப்போது அந்தப் படகு தேவைப்பட்டது. அது ஏன் என்று சொல்ல வேண்டும்.

அவன் வளைகுடாவில் ஓர் உயரமான கட்டடத்தின் அடித்தளத்தில் வேலை பார்த்தான். தண்ணீர் பம்புகள், குழாய்கள், வால்வுகள். ஒருநாள் அவன் வேலை முடித்துப் போன பிறகு அடித்தளம் முழுக்கத் தண்ணீர் நிறைந்துவிட்டது. வால்வை நீ மூடவில்லை என்றார்கள். மூடினேன் என்றான். அந்த மூலையில் கேமரா இல்லை. பக்கத்தில் ஆளும் இல்லை. அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு வந்த புதிதில் கொதித்தான். "இந்தக் கையாலதான் சுத்தினேன். கடைசியில கிறீச்னு ஒரு சத்தம் வரும், அதுவும் கேட்டுது எனக்கு," என்று எங்கள் சோற்றுத்தட்டுகளுக்கு மேலே காற்றில் வால்வைச் சுற்றிக் காட்டுவான். அந்தக் கோபம் பார்க்க நன்றாகவே இருந்தது. பிறகு கோபம் கரைந்தது. அதற்கடியில் இருந்தது மெல்ல வெளியே வந்தது. மூடினேன் என்றவன் மூடியிருப்பேன் என்றான். ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒருவேளை அது அதுக்கு முந்தின நாள் கேட்ட சத்தமோ?" என்றான். அம்மா ரசத்தை ஊற்றுவதை நிறுத்தினாள்.

அதிலிருந்து அவன் ஃபோன் முழுக்க கேஸ் சிலிண்டர். ரெகுலேட்டரை மூடுவான், ஒரு படம் எடுப்பான். வாசல் பூட்டைப் படம் எடுப்பான். குளியலறைக் குழாயை. ஃபிரிட்ஜ் கதவை. தெருமுனை வரை போய் நின்று, அந்தப் படத்தைத் திறந்து பார்த்து, இது இன்றைக்கு எடுத்ததுதானா என்று சந்தேகம் வந்து, திரும்பி வருவான்.

"ஊரு உலகத்துல கல்யாண ஆல்பம் வச்சிருப்பாங்க. எம் மகன் சிலிண்டர் ஆல்பம் வச்சிருக்கான்," என்பாள் அம்மா. சொல்லிவிட்டு, அவன் பார்க்காதபோது முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

இந்த நிலையில்தான் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் ஜெனரேட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்தது. கீழே கடை வைத்திருந்த அப்பாவின் பழைய வாடிக்கையாளர் ஒருவர் சொல்லி வைத்தது. திங்கட்கிழமை வந்துவிடு என்றார்கள். மூட வேண்டியது மூடியிருக்கிறது, ஓட வேண்டியது ஓடுகிறது என்று பார்த்து, அடுத்து வருகிறவனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"அந்தச் சொல்றதுதானே அக்கா என்னால முடியாது," என்றான்.

படகு விஷயம் கிளம்பியது அந்த வாரம். அவன் ஏன் அந்த முயலைப் போய்த் தேடினான் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னான். "எனக்கு நல்லா ஓர்மை இருக்கிற ஒண்ணு வேணும்னு தோணிச்சு. நூறு சதவீதம் ஓர்மை. யோசிச்சு யோசிச்சு, அந்தப் படகுதான் கிடைச்சுது. இப்போ அதுவும் இல்லேன்னா..."

முடிக்கவில்லை. நான் அவன் வாக்கியத்தை முடிக்கப் பார்த்தேன், மனதுக்குள். என்னாலும் முடியவில்லை.

---

அந்த ஆட்டத்தை அவன் ஜெயித்த நாள் எங்கள் வீட்டில் பிரபலம். தெருவில் வேறு எவனும் குகையைத் தாண்டியதில்லை. கேசட்டைக் கழற்றி, வாயால் ஊதி, சட்டைத் துணியால் துடைத்து, மறுபடி சொருகி, கேம் பெட்டியின் தலையில் லேசாகத் தட்டினால்தான் படம் வரும். வந்தாலும் நடுவில் உறையும். இத்தனைக்கும் நடுவில் என் தம்பி கடைசிக் கதவைத் திறந்தான். கத்தினான். கீழே கடையிலிருந்து அப்பா யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடி வந்தார்.

இதுவரை சந்தேகமில்லை. இதற்குப் பிறகுதான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் போகிறோம்.

எனக்குத் தெரிந்தது இது: நான் சமையலறை வாசலில் நிற்கிறேன், கையில் ஏதோ பாத்திரம். கத்தல். நிமிர்ந்து பார்க்கிறேன். திரையில் ஒரு படகு, நீளமாக, மஞ்சளாக. அதில் நின்று யாரோ கையசைக்கிறார்கள். முயலா? காது இருந்ததா? கையசைப்பது மட்டும் அப்படியே நிற்கிறது, யாருடைய கை என்று தெரியாமல், நீரின் மேல்.

"மஞ்சளா?" என்றான் தம்பி. "செவப்பு, அக்கா. நல்ல செவப்பு."

"மஞ்சள்டா. எனக்குக் கண்ணுக்குள்ள நிக்குது."

"கண்ணுக்குள்ள நின்னா செவப்பா நிக்கணும். முன்னாடி ஒரு கொடி இருக்கும், அதுவும் செவப்பு."

"கொடியெல்லாம் இல்லே."

"நீ வாசல்ல நின்னே. நான் மூக்கு முட்டுற தூரத்துல இருந்தேன். யாரு சொல்றது சரி?"

ஊஞ்சலில் கால் நீட்டிப் படுத்திருந்த அம்மா, கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "ரெண்டு பேரும் எந்த டிவியைச் சொல்லுதீங்க?"

"நம்ம டிவிதான். கதவு வச்ச பெட்டியில இருந்துதே."

"அது பிளாக் அண்ட் ஒயிட்டுல்லா மக்களே."

மழை நின்றிருந்தது. தெருவில் எவரோ ஓர் இரும்பு ஷட்டரை இறக்கினார்கள்.

"கலர் டிவி வந்தது உங்கப்பா கடையை வாடகைக்கு விட்ட பொறவு. அப்பம் இவன் காலேஜ்ல. முயலும் கியலும் எல்லாம் அதுக்கு முன்னால. செவப்பாம், மஞ்சளாம். ரெண்டு பேரும் சேந்து பெயின்ட் அடிச்சிருக்கீங்க."

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. தம்பியின் முகம் அப்படி ஆகியிருந்தது. அம்மா சொன்னது சரி. சொன்ன கணமே அந்தப் பெட்டி கறுப்பு வெள்ளையாக என் எதிரே வந்து நின்றுவிட்டது. சாம்பல் நிறப் புல், சாம்பல் கேரட், சாம்பல் முயல். ஆனால் அதற்கு முந்தின கணம் வரை நான் பச்சைப் புல்லைப் பார்த்திருந்தேன். இத்தனை வருடமும் பார்த்திருந்தேன். யார் நிறம் பூசியது? எப்போது? நான் தூங்கும்போதா? இன்னும் எதற்கெல்லாம் பூசி வைத்திருக்கிறேன்? அப்பா கடைசியாக உடுத்திய வேட்டியின் கரை பச்சை என்று ஒரு முறை டைரியில் எழுதியிருக்கிறேன். பச்சைதானா?

"அப்போ நான் சத்தம் கேட்டதும் அப்படித்தான்," என்றான் தம்பி, ரொம்ப மெதுவாக. வால்வைப் பற்றிச் சொல்கிறான் என்பது எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்தது. அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எலே, நான் நிறத்தைத்தான் சொன்னேன். படகு இல்லேன்னு சொல்லலை."

"படகு உண்டா?"

"எனக்கென்ன தெரியும்? நான் அந்தச் சவத்து முயலை என்னைக்கு உக்காந்து பார்த்தேன்?"

---

ஆடிப் பார்த்துவிடுவது என்று அவனே முடிவு செய்தான். இணையத்தில் கண்டது வேறு கேசட். நம்முடையது சாலைக் கடைவீதியில் வாங்கின நகல் சரக்கு, அதில் எதை வெட்டி எதை ஒட்டியிருப்பார்களோ, யாருக்குத் தெரியும் என்றான். அது நியாயமாகத்தான் பட்டது. நியாயம் போலத் தெரிகிற எதையும் பிடித்துக்கொள்ள நாங்கள் தயாராக இருந்தோம்.

டிவி கேம் பெட்டி பரணில் பழைய குக்கருக்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கும் நடுவே கிடந்தது. கேசட்டும் இருந்தது. டிவிதான் இல்லை. வீட்டில் இருக்கும் புதிய தட்டையான டிவிக்கு அந்தப் பெட்டியின் பாஷை தெரியவில்லை. வெறும் நீலம் காட்டியது. தம்பானூரில் ஒரு லாட்ஜின் பின்கட்டில் அறை அறையாகக் கழற்றிய பழைய டிவிகளை அடுக்கி வைத்திருப்பதாக அவனுக்குத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை ஆட்டோவில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். கனம் தாங்காமல் ஆட்டோக்காரரும் ஒரு கை பிடித்து மாடி ஏறினார்.

"இது எந்தினா சேட்டா? மீன் வளர்க்கானோ?" என்று மலையாளத்தில் கேட்டார் அவர், மூச்சு வாங்க.

"முயல் வளர்க்க," என்றாள் அம்மா.

அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, படியில் இறங்கும்போது ஒரு முறை திரும்பியும் பார்த்தார்.

கலர் டிவிதான் கிடைத்தது. தம்பி அதன் நிறத்தைக் குறைத்துக் குறைத்துக் கறுப்பு வெள்ளை ஆக்கினான். "நடந்த மாதிரியே நடக்கணும்," என்றான். அதனால் அம்மா அவளுடைய பழைய இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், நான் சமையலறை வாசலில் நிற்க வேண்டும். நான் மறுக்கவில்லை. கையில் ஒரு பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டேன். எந்தப் பாத்திரம் என்று தெரியாததால் கிடைத்ததை எடுத்தேன், இட்லிச்சட்டியின் மூடி.

ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சரிந்து கிடந்தது. அவன் கேசட்டை ஊதினான். துடைத்தான். சொருகினான். பெட்டியின் தலையில் தட்டினான். அந்தத் தட்டு எனக்கு நினைவிருந்த அதே தட்டு. அவன் கை மறந்திருக்கவில்லை. மூளையைப் போலக் கை சந்தேகப்படுவதில்லை போலும். திரையில் கோடுகள் ஓடின, பிறகு முயல் வந்து நின்றது, பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்த அதே முகத்தோடு.

தோட்டம். மேகம். முதலில் சொதப்பினான். முள்ளில் விழுந்தான், பள்ளத்தில் விழுந்தான்.

"இவனா தெருவுலயே பெரிய ஆட்டக்காரன்?" என்றாள் அம்மா.

"சும்மா இரும்மா. விரல் கொஞ்சம் சூடாகட்டும்."

"நான் கொஞ்சம் ஆடவா?"

"நீ சும்மா இருந்தாலே போதும்."

பிறகு விரல் சூடாகியது. எனக்கு அவன் முதுகு மட்டும் தெரிந்தது. தாவும்போதெல்லாம் அந்த முதுகும் லேசாகத் தாவியது. வந்திறங்கின நாள் முதல் கூன் விழுந்தே இருந்த முதுகு. நான் திரையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஐயோ, நான் திரையைத்தானே பார்க்க வேண்டும், சாட்சி நான்தானே என்று திடுக்கிட்டுக் கண்ணைத் தூக்கினேன்.

குகை வந்தது. படம் முழுக்க இருட்டு. முயலின் வெள்ளை மட்டும் அங்கங்கே துள்ளியது.

"இங்கேதான்," என்றாள் அம்மா, "அந்தச் செய்தி வாசிக்கிறவ வருவா."

தம்பியின் விரல் நின்றது. முயலும் நின்றது. அதன் மேல் ஒரு வௌவால் வந்து மோதியது.

"எவ?"

"அதான், சைடு வகிடு எடுத்து, ஒரு கல்லு வச்ச தோடு போட்டுட்டு. நீ குகைக்குள்ள போனேன்னா அவ மூஞ்சி பின்னால தெரியும். நான் வாயைப் பார்த்தே செய்தி கேட்டுக்குவேன். ரெண்டு பேருக்கும் ஒரே டிவிதானே உண்டு."

அது எனக்கு நினைவு வந்தது. இல்லை, நினைவு வந்தது என்று சொல்ல இப்போது பயமாக இருக்கிறது. அம்மா சொன்னதும் எனக்குள் ஒரு முகம் சாம்பலாக எழுந்தது என்று சொல்கிறேன். அந்தக் கேம் பெட்டிக்குத் தனி வழி கிடையாது. ஆன்டெனா ஒயர் நுழையும் துளை வழியாகத்தான் முயலும் டிவிக்குள் போக வேண்டும். ஊருக்கு மேலே குன்றில் டிவி டவர், கூப்பிடு தூரம். ஒயரைப் பிடுங்கினாலும் அரசாங்கச் சானல் முழுதாக விட்டுப் போகாது. தோட்டத்தில், மேகத்தில் தெரியாது. திரை இருண்டால் பின்னால் வந்து நிற்கும், மெலிந்து, நடுங்கி, பேயைப் போல. முயல் செய்தி வாசிப்பவளின் தோளில் ஏறும். வானிலை அறிக்கைக்குள் குதிக்கும். அந்த மேப்பில் கேரளத்தின் மேலே நடந்து கன்னியாகுமரிப் பக்கம் விழும். தெருவிலுள்ள எல்லா வீட்டிலும் இப்படித்தான். ஆட்டத்தோடு சேர்ந்தது அது என்றே நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

"அப்போ கடைசிக் கறுப்புல..." என்றான் தம்பி. திரும்பி என்னைப் பார்த்தான்.

"கடைசிக் கறுப்புல ஏதோ பாட்டு ஓடியிருக்கும்," என்றேன்.

"ஞாயித்துக்கெழமை சாயங்காலம் பாட்டு உண்டு," என்றாள் அம்மா. "எனக்கு அதைப் பார்க்கணும். இவன் விடமாட்டான். அன்னைக்கும் சண்டைதான்."

"என்ன பாட்டும்மா? தோணிப் பாட்டா? ஆளு நின்னு கை காட்டுற பாட்டா?"

அம்மா யோசித்தாள். நாங்கள் இருவரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டிருப்போம்.

"அது எப்படி மக்களே சொல்ல முடியும்? அந்தக் காலத்துல எந்தப் பாட்டுலதான் தோணி இல்லே? தோணி இல்லேன்னா தென்னை மரம். ரெண்டும் இல்லேன்னா அது பாட்டே இல்லே."

தம்பி சிரித்தான். வந்ததிலிருந்து அப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே முயலை வௌவால்களுக்கு நடுவே ஓட்டினான். அவன் கண்டது உண்மையா பொய்யா இப்போது? திரையில் படகு இருந்திருக்கிறது, இருந்திருக்கலாம். முயல் அதில் ஏறவில்லை. முயலுக்கும் படகுக்கும் சம்பந்தமே இல்லை. குன்றின் மேலிருந்து ஒன்று வந்தது, சாலைக் கடைவீதியிலிருந்து ஒன்று வந்தது, என் தம்பியின் கண்ணில் வந்து இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. கண் சரியாகத்தான் பார்த்தது. பார்த்ததுதான் சரியில்லை. அல்லது இதுவும் நாங்கள் மூவரும் சேர்ந்து இந்த ஞாயிற்றுக்கிழமை அடிக்கிற பெயின்டா? செய்தி வாசித்தவளின் தோடு வரை சொல்லும் அம்மாவுக்கு, அன்றைய பாட்டு ஏன் நினைவில்லை?

"அக்கா, கதவு வந்தாச்சு. கண்ணைச் சிமிட்டாதே."

"சிமிட்டலை."

"அம்மா, நீயும்."

"எனக்குக் கண்ணுல புரை. நான் சிமிட்டினா என்ன, சிமிட்டாட்டி என்ன?"

முயல் கதவைத் திறந்தது. திரை கறுத்தது. வாழ்த்து சொல்லி அந்த ஒரு வரி வந்தது. இப்போது குன்றிலிருந்து அந்தச் சானல் அப்படி வருவதில்லை. எல்லாம் டிஷ் வழியாகவும் கேபிள் வழியாகவும் வருகிறது. கறுப்புக்குப் பின்னால் யாரும் வரவில்லை. வெறும் கறுப்பு. ஆனால் பழைய டிவியின் கண்ணாடி புடைப்பானது, பளபளப்பானது. சரிந்த வெயிலில் அறை முழுக்க அதில் வளைந்து தெரிந்தது. ஜன்னல், நாற்காலியில் அம்மா, பின்னால் கையில் இட்லிச்சட்டி மூடியோடு நான், எல்லோருக்கும் முன்னால் அவன்.

அவன் கையைத் தூக்கி அசைத்தான். கண்ணாடியில் ஒரு கை அசைந்தது.

"பார்த்தியா?" என்றான், திரும்பாமல்.

"பார்த்தேன்," என்றேன்.

"என்ன பார்த்தே?"

"உன் கை."

ஆரம்பப் படம் வந்துவிட்டது. முயல் காதை ஆட்டிக்கொண்டு காத்திருந்தது.

"அன்னைக்குப் படகு பார்த்தியா? உண்மையாச் சொல்லணும்."

வேறு ஏதாவது சொல்லித் தப்பிக்க நினைத்தேன். முடியவில்லை. "தெரியலைடா. பார்த்தேனா, நீ சொல்லிச் சொல்லிப் பார்த்த மாதிரி ஆயிடுச்சா, பிரிக்க முடியலை. ஆனா நீ கத்தினது கேட்டுது. எதையோ பார்க்காம அப்படிக் கத்த முடியாது. அதுக்கு நான் சாட்சி."

அவன் அதை எப்படி எடுத்துக்கொண்டான் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. பெட்டியை அணைத்தான், ஒயரைச் சுருட்டினான். "அந்த வால்வு மூலையிலயும் ஒரு சமையலறை வாசல் இருந்திருக்கலாம்," என்றான். அம்மா நிறத்தைத் திரும்ப ஏற்றச் சொன்னாள். கலர் டிவியை இப்படி வைத்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

---

திங்கட்கிழமை காலை அவன் தேய்த்த சட்டை போட்டிருந்தான். அம்மா சோற்றுப் பொதியைக் கையில் கொடுத்து, "ஜெனரேட்டர் பக்கத்துல வச்சுராதே, டீசல் வாடை பிடிச்சுக்கும்," என்றாள். அவன் சமையலறைக்குள் போனான். நான் வாசலில் நின்றேன். குனிந்தான். கை பாக்கெட்டுக்குப் போனது, ஃபோன் இருந்த பக்கம். அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு வெறுங்கையாக வெளியே வந்தது.

"அக்கா, மூடியாச்சு."

"பார்த்தேன்."

படியிறங்கிப் போனான். மழைக்காலத்தில் எங்கள் படிகளில் பாசி பிடிக்கும். அவன் செருப்பு சறுக்காமல் போகும் சத்தத்தைக் கேட்டேன். தெருவில் மூட்டை இறக்குபவர்களின் நடுவே சத்தம் கலந்துபோனது. திரும்பி வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றேன். வரவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. நான் பார்த்தது அவன் முதுகை. நான் நின்ற இடத்திலிருந்து சிலிண்டர் தெரியவே தெரியாது. தோள் அசைந்தது, அதைத்தான் பார்த்தேன். தோள் எதற்காகவும் அசையலாம்.

"போயாச்சா? அப்போ ஒரு சாயா போடு," என்றாள் அம்மா ஊஞ்சலிலிருந்து.

பாலை அடுப்பில் வைத்தேன். அடுப்புக் குமிழைத் திருகினேன். லைட்டரை அடித்தேன். பிடிக்கவில்லை. மறுபடி அடித்தேன். அடித்துக்கொண்டே நின்றேன், சின்னச் சின்ன நீலப் பொறி தெறிப்பதைப் பார்த்துக்கொண்டு.

"என்ன அங்கே, டக்கு டக்குன்னு?"

"அடுப்பு பத்தலை. சிலிண்டர் மூடியிருக்கு."

"யாரு மூடுனது?"

"தம்பி."

"நீ பார்த்தியா?"

குனிந்து ரெகுலேட்டரைத் திறந்தேன். அடுப்பு பிடித்துக்கொண்டது.

"பார்த்தேம்மா," என்றேன்.